சாம்பலில் போட்டவர்கள்

மே 19, திங்கள்

கத்திரி வெயில். மாடியில் கால் வைக்க முடியவில்லை. கத்தரி நாற்று மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது. பழைய சேலை ஒன்றை எடுத்து நிழலுக்குக் கட்டினேன். கடைக்குக் கிளம்பும்போது இவர் அண்ணாந்து பார்த்தார். "என் வேட்டியையும் அவுத்துக் கட்டிரு. இந்த வீட்ல செடிக்குத்தான மரியாதை."

வேலைகள்:
– மல்லிகைக்குத் தண்ணீர் (வெயில் தாழ்ந்ததும்)
– கேஸ் பதிவு
– ஜெனி காலேஜ் பை, ஜிப் தைக்க
– வழிகாட்டி எழுத!!

வழிகாட்டி கு. அண்ணன் கேட்டது. குமரேசன் அண்ணன், ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் உட்கார்ந்துகொண்டு 'நம்ம பாத்தி'யை நடத்துகிறார். செடி, விதை, உரம் என்று சுத்துப்பட்டு ஆட்கள் எல்லாம் எழுதுகிற இணையக் குழுமம். தளம் அவருடையது. அதில் வருகிற சண்டை மட்டும் என்னுடையது. இரண்டு வருடமாக நான்தான் மட்டுறுத்துநர். இப்போது புதிதாக ஆள் எடுக்கிறாராம், அவர்கள் படித்துப் பழக நான் எழுதித் தர வேண்டுமாம்.

"எதுக்குண்ணே புது ஆளு? நான் பாக்குறது பத்தலையா?"

"உங்களுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா அம்மிணி" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

எழுதியவரை:
1. சண்டை என்றால் இரண்டு பக்கமும் படி. முதலில் அழுதவர் சொல்வதை நம்பாதே.
2. சாதிப் பேச்சு, கெட்ட வார்த்தை: உடனே நீக்கு. காரணத்தைச் சொல்.
3. விற்பனைப் பதிவுகளை விளம்பரப் பகுதிக்கு நகர்த்து. திட்டாதே.

நான்காவது யோசிக்கும்போது தூங்கிவிட்டேன். எழுந்தபோது கன்னத்தில் பேனா மை.

மே 20, செவ்வாய்

காலையில் மின்சாரம் இல்லை. நேற்றைய ரசம், முட்டை. வெஞ்சனம் என்று பொரியல், கூட்டு எதுவும் செய்யவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஏழாவது விதிக்கு வந்துவிட்டேன். இதுதான் முக்கியமானது. அப்படியே படியெடுக்கிறேன்:

"எவ்வளவு சொல்லியும் கேட்காதவரை வெளியேற்றாதே. வேறு பெயரில் திரும்பி வருவார். சாம்பலில் போடு. அவர் பதிவு அவருக்கு எப்போதும்போலத் தெரியும். மற்ற உறுப்பினர் எவருக்கும் தெரியாது. நம் திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும். போட்டபின் வீட்டில் வேறு யாராவது போனில், உள்ளே நுழையாமல், வெளியாள் போலத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள். அவரிடம் சொல்லாதே. பதில் வராமல் வராமல் தானாக ஓய்ந்துவிடுவார். போன் செய்து கேட்டால், சர்வர் கோளாறா இருக்கும், நீங்க பாட்டுக்கு எழுதிட்டே இருங்க என்று சொல். குரல் தணிவாக இருக்கட்டும்."

கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யார் மனசும் நோகாது. எனக்கும் எழுத வருகிறது. கு. அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன்.

நத்தம் ராசு ஐயாவைத் தை மாசத்தில் இப்படித்தான் போட்டேன். நமக்கு விளம்பரம் தருகிற கம்பெனியின் பயிர் டானிக்கைச் 'சாக்கடைத் தண்ணி' என்று எழுதினார். எழுதியதோடு நில்லாமல் அதை வாங்குகிறவர்களை எல்லாம் கூமுட்டை என்றார். கு. அண்ணன் சொன்னார், நான் பொத்தானை அமுக்கினேன். ஜெனி போனில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, துடைத்துவிட்டது போல.

(அந்த டானிக்கில் என் கத்தரியும் கருகியது வேறு கதை. மாசியில் நானும் எழுதினேன், மரியாதையாக. கு. அண்ணன் அந்தப் பதிவை எடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெருந்தன்மை.)

ஆனால் ராசு ஐயா ஓயவில்லை. தினமும் காலையில் சாம்பலாக ஒரு பதிவு. மாமரத்தில் எத்தனை பூ நின்றது, எந்தக் கிளையில் எறும்பு என்று. இன்றைக்குத்தான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். 'எல்லாருக்கும் நன்றி' என்று முடிக்கிறார். யாருக்கு நன்றி? கீழே இறக்கிப் பார்த்தால் பதில்கள் இருக்கின்றன. எல்லாம் சாம்பல். சின்னாளபட்டி சாந்தி, இன்னும் நாலைந்து பேர். சாந்தி தன் பையனுக்குக் காய்ச்சல் என்கிறாள், இவர் நிலவேம்பு கொடு என்கிறார். போன மாதம் யாருக்கோ பிறந்தநாள், எல்லோரும் வாழ்த்தியிருக்கிறார்கள்.

கு. அண்ணனுக்கு உடனே போன். "மென்பொருளு சல்லிசா வாங்குனதுங்க அம்மிணி. சாம்பல்ல கெடக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. அவங்களுக்குள்ள பேசிட்டிருந்தா நமக்கேனுங்க தொந்தரவு?"

தொந்தரவில்லைதான். ஆனாலும் நாம் நடக்கிற தரைக்குக் கீழே ஒரு ஊர் குடியிருக்கிறது. தான் கீழே இருப்பது அதற்குத் தெரியாது.

சாயங்காலம் மல்லிகைப் படம் போட்டேன். இந்த வருடம் பூ நல்ல பருமன். ராசு ஐயா, சாந்தி பாராட்டு. சாம்பல் படாத வெள்ளைப் பக்கத்தில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. வெயிலில் சுருண்டு கிடக்கிறார்கள் போல.

மே 22, வியாழன்

மேகம் கூடி ஏமாற்றியது. மார்க்கெட்டில் முருங்கை விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினேன்.

விமலாவைப் பார்த்தேன். பாத்தியில் தன் ரோஜாவைப் பற்றியே எழுதித் தள்ளுகிறவள். "என்னடி மேரி, பாத்திப் பக்கம் ஆளவே காணோம்? செடியெல்லாம் செத்துப்போச்சா?"

"தெனமும் எழுதுறேன்டி. கண்ணாடிய மாத்து."

"எங்கடி எழுதுற?" என்று சிரிக்காமல் கேட்டாள். இவள் எங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறாள், தன் ரோஜாவுக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணவே நேரம் சரியாக இருக்கும். ஆட்டோவில் வரும்போது அந்தச் சிரிக்காத முகம் மட்டும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் ராசு ஐயா பதிவு. சாம்பல்.

"ஞாயித்துக்கெழம நம்ம தோப்புக்கு அம்புட்டுப் பேரும் வாங்க. கல்லாமை மாங்கா பழுத்துருச்சு. ஒத்தக்கட்ட நான், யாருக்குத் திங்க? சாம்பார், ரெண்டு வெஞ்சனம், பாயாசம். எல்லாருக்கும் எல போட்டு வப்பேன். சின்னப் பாத்தி, பெரிய பாத்தின்னு கெடையாது. நம்ம பாத்திதான."

குழுமத்தில் இருக்கிற அத்தனை பேரும் தன்னைப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இலை போட்டு வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து உட்காருவார்.

கு. அண்ணனிடம் கெஞ்சினேன். ஞாயிறு வரைக்குமாவது அவரைச் சாம்பலிலிருந்து வெளியே எடுத்துவிடுவோம் என்றேன். "ஏழாவது விதி நீங்களே எழுதுனதுதானுங்களே" என்றார்.

பிறகு ஒரு யோசனை. நானே எழுதினேன்: 'ஞாயிறு, நத்தம் பக்கம் மாந்தோப்பு விருந்து, யார் யார் வருகிறீர்கள்?' ராசு ஐயா பெயரைச் சொல்லவில்லை, விதி மீறவில்லை. சாமர்த்தியம்தான்.

மே 24, சனி

வெள்ளைப் பதில் ஒன்றுகூட இல்லை. மாம்பழம் என்றால் ஓடி வருகிற கூட்டம் இது. கல்நெஞ்சக்காரர்கள். சாம்பலில் மட்டும் சாந்தி: "நாங்க எல்லாம் வாறோம் மேரிக்கா. நீங்களும் கண்டிப்பா வாங்க."

அந்தக் 'கண்டிப்பா'வை ஏனோ இரண்டு தரம் படித்தேன்.

போக முடிவு. இவர்: "யாரு வீட்டு விருந்து?" தெரியாதவர்கள் வீடு என்றேன். "தெரியாதவங்க வீட்டுக்கு என்ன மொய் எழுதுவ?" என்று கேட்டுவிட்டு போனுக்குள் போய்விட்டார். நான் சொன்ன பதில் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் விழவில்லை.

மே 25, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடித்துப் பேருந்து. சாணார்பட்டி தாண்டியதும் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. நத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி மண்பாதையில் நடந்தேன். எதிரே ஒருவரும் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

மரத்தடியில் இலை. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரைக்கும், அதைத் தாண்டியும், வரிசை வரிசையாக வாழை இலை. தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்து. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு இலைமேலும் ஒரு மாம்பழம். ஒரே ஒரு வரிசையின் கோடியில் ஆறேழு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். சிரித்த முகம்தான். ஆனால் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது.

பச்சைத் துண்டு போட்ட பெரியவர் எழுந்து வந்தார். "வா தாயி. மொட்டமாடி மேரிதான? ஒம் மல்லியப்பூவப் பாத்துட்டுத்தான் நான் காப்பியே குடிக்கிறது."

இவரைத்தான் நான் ஒரு பொத்தானில் அணைத்தேன்.

பந்தி பரிமாறத் தொடங்கினார். எங்களுக்கு மட்டுமில்லை. காலி இலைகளுக்கும் சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார், நகர்ந்து நகர்ந்து அடுத்த மரம் வரைக்கும் போனார். "வந்துருவாங்க. சோறு ஆறுறதுக்குள்ள வந்துருவாங்க." யாரும் அவரைத் தடுக்கவில்லை. காலி இலைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் சாந்தி. சின்ன உருவம், பெரிய குரல். மெதுவாகச் சொன்னாள், "எம்புட்டு எழுதுனாலும் எங்களுக்குள்ளதான்க்கா பேசிக்கிறோம். மத்தவுகெல்லாம் பெரிய ஆளுக, கண்டுக்கிர மாட்டாக. பழகிருச்சு. நீங்களும் மனசுல வச்சுக்கிராதீங்க."

"நான் எதுக்கு வச்சுக்கப் போறேன்?"

"இல்லக்கா. மாசிலேருந்து உங்களுக்கும் எங்களத் தவிர யாரும் பதில் சொல்றதில்லையே. பாவமா இருக்கும். அதான் விடாம நான் ஒருத்தியாவது எழுதிருவேன்."

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். பாயாசம் வந்தது. குடித்தேனா தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் கண்டக்டர் என்னைத் தாண்டிப் போனார். இரண்டு தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கத்தியே விட்டேன். "இங்கயா உக்காந்துருக்கீங்க? பாக்கலியேம்மா" என்றார். டிக்கெட்டுக்கு அவர் தந்த மீதிச் சில்லறையை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ஜெனியிடம் போனைக் கேட்டேன். "எதுக்கும்மா?" சும்மா என்றேன். உள்ளே நுழையாமல், வெளியாள் போல. என் பெயரைத் தேடினேன்.

மாசி வரைக்கும் இருக்கிறேன். கொத்தமல்லி, புதினா, பொங்கல் மஞ்சள் கொத்து. அப்புறம் இல்லை. டானிக் பதிவு இல்லை. மல்லிகை இல்லை. மாந்தோப்பு அழைப்பு இல்லை. துடைத்துவிட்டது போல.

மே 26, திங்கள்

மூட்டம். மழை இல்லை. கேஸ் வந்தது.

விடிந்ததும் ராசு ஐயா: "நேத்து வந்த எல்லாருக்கும் நன்றி. வர முடியாதவுக பங்க ஆட்டுக்குட்டிக்கும் காக்காவுக்கும் போட்டேன். மேரி தாயி சரியாச் சாப்பிடல. ஒடம்பப் பாத்துக்க."

'ஐயா, நம்மை யாரும்' என்று தொடங்கினேன். அழித்தேன். அவர் காப்பி குடிக்கிற நேரம் அது.

கு. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாதவள்போலப் போன் செய்தேன். புதிய மட்டுறுத்துநர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் போல, பேச்சுக்குரல் கேட்டது. என் பதிவுகளுக்கு யாரும் பதிலே சொல்வதில்லையே அண்ணே, மாசியிலிருந்தே இப்படி இருக்கிறதே என்றேன். தாள் புரட்டுகிற ஓசை.

"சர்வர் கோளாறா இருக்குமுங்க அம்மிணி. நீங்க பாட்டுக்கு எழுதிட்டே இருங்க."

குரல் தணிவாக இருந்தது.