மூன்று ஊதலில் எது

7 ஜூலை 2025, திங்கள்
லேபில் மூன்று ஆசிலோஸ்கோப் வேலை செய்யவில்லை. பாலிடெக்னிக் முதல்வரிடம் இந்த வருடமும் சொல்லியாயிற்று.

அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்தால், தம்பி வளவன் பென்டிரைவோடு உட்கார்ந்திருக்கிறான். வடலூர் ரோட்டில் அவன் கான்ட்ராக்டில் கரி ஏற்றும் பெல்ட்டை ஓட்டும் தனியார் ஷெட்டில் போன வாரம் தொழிலாளி சிங்காரவேலின் வலது கை நசுங்கியது. பெல்ட்டை ஓடவிடுமுன் சைரன் மூன்று முறை ஊத வேண்டும். மூன்றும் ஊதிய பிறகும் சிங்காரவேல் உள்ளே நின்றிருந்தால் தவறு அவர் மேல். அதற்கு முன்பே பெல்ட் ஓடியிருந்தால் வளவன் மேல். பதினான்காம் தேதி விசாரணை.

"மூணும் ஊதினப்புறந்தான்க்கா பட்டனப் போட்டேன். பசங்களுக்கு இதத்தான நடத்தற, நிரூபிச்சிக் குடு."

8 ஜூலை, செவ்வாய்
பென்டிரைவில் இரண்டு பதிவுகள். லாரி டிரைவரின் போனில் மூன்று ஊதலும் தெளிவு. இன்ஜின் இரைச்சலில் பெல்ட் கேட்கவில்லை. ஷெட் கேமராவில் பெல்ட் கிளம்புவது தெரிகிறது. ஆனால் ஏதாவது அசைந்தால்தான் அது பதியும். கிடைத்தது ஒரே ஒரு ஊதல், உடனே பெல்ட் சத்தம்; அதற்குமேல் அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. கேமராவின் கடிகாரமும் தப்பு.

கிராஸ் கோரிலேஷன் போட்டேன்: ஒரு பதிவை மற்றதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. வரைபடத்தில் மூன்றாவது ஊதலில் சிகரம். அப்பாடா! வளவன் ஜாமூன் வாங்கி வந்தான்.

10 ஜூலை, வியாழன்
வகுப்பில் அந்தப் படத்தையே பலகையில் வரைந்தேன். பாதியில் கை நின்றது. சிகரம் ஒன்றல்ல, மூன்று. ஏழு ஏழு விநாடி தள்ளி, ஏறக்குறைய ஒரே உயரம். இருக்காதா பின்னே? மூன்றும் ஒரே சத்தம். ஒற்றை ஊதல் மூன்றோடும்தான் பொருந்தும். பசங்களின் ரெக்கார்டு நோட்டில் இதைச் சிவப்பு மையில் சுழிப்பவள் நான். தம்பி என்றதும் கண் தெரியாமல் போயிற்று.

11 ஜூலை, வெள்ளி
சைரனை வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஒப்பிட்டேன். எங்கோ ஓர் இரும்புத் தகடு விழுகிறது, ஒரே தடவை, இரண்டு பதிவிலும். இப்போது சிகரம் ஒன்றுதான். கேமராவில் இருப்பது இரண்டாவது ஊதல்.

நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

12 ஜூலை, சனி
வளவனைக் கேட்டேன். முதலில் கத்தினான். அப்புறம் - "லாரிங்க வரிசையா நின்னுகினு இருக்கும்க்கா. எல்லாருமே ரெண்டாவதுலயே போட்டுடுவோம். பெல்ட்டு வேகம் புடிக்கறதுக்குள்ள ஆளு வெளிய வந்துடுவாங்க. அன்னிக்கு அவரு வரல."

என்னிடமே பொய். படுபாவி!

அம்மா: "அப்பா ரிட்டயர் ஆனா இந்த வூடும் போயிடும். கூடப் பொறந்தவனக் காட்டிக்குடுக்கவாடி உன்னப் படிக்க வெச்சோம்?"

பழைய படத்தைக் கொடுத்தால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

14 ஜூலை, திங்கள்
விசாரணையில் புதிய படத்தைக் கொடுத்தேன். வளவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

18 ஜூலை, வெள்ளி
சிங்காரவேல் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். வளவனுக்கு வேலை போயிற்று. வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

29 ஜூலை, செவ்வாய்
சிங்காரவேலின் மனைவி செவ்வந்தி போன் செய்தாள்.

"உங்க தம்பி தெனம் காலையில வந்து, அவருக்கு சட்ட மாட்டிவுட்டு, கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறாருங்க. சொன்னாருங்களா?"

பதினைந்து நாளாக அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சொன்னான்" என்றேன்.