அறுபத்து நான்கு ஒலிகள்

786
கல்முனை
12.02.1984

அன்பு மச்சான் கதிர்காமனுக்கு,

பஹ்ரைன் வெயிலில் கருவாடாகாமல் சுகமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையில் ஜவுபர் எழுதுகிறேன். நீ போனபின் காரைதீவிலிருந்து ஒருவரும் என் ரேடியோ கடைக்குப் பிளேன்ரீ குடிக்க வருவதில்லை.

என் பெண்சாதி சுல்பிகாவுக்குத் தொண்டையில் கட்டி எடுத்து இரண்டு வருஷம். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. சிலேட்டில் எழுதித்தான் கதைக்கிறாள். நான் முதுகைக் காட்டி நின்றால் சிலேட்டு என்ன செய்யும்? குசினியிலிருந்து ஒரு "இஞ்சாருங்க" வராதா என்று ஏங்கிப்போகிறேன்.

கதைக்கிற எலெக்ட்ரோனிக் சிப் ஒன்று வந்திருப்பதாகச் சஞ்சிகையில் பார்த்தேன். கொழும்பில் கேட்டால் சிரிக்கிறார்கள். அங்கே தேடிப் பாரேன், மச்சான்.

உன் ஜவுபர்


மனாமா, பஹ்ரைன்
30.03.1984

என் ஜவுபர் மச்சானுக்கு,

தங்கச்சி சுல்பிகாவுக்காக மூன்று வெள்ளிக்கிழமை அலைந்தேன். கடைசியில் ஒரு மலையாளியின் கடையில் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பூரான் மாதிரி இருபத்தெட்டுக் கால். வயர் கொடுத்துக் காட்டினான். "ஹலோ" என்றது! நாக்கில்லை, மூச்சில்லை, மச்சான். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்து, "முருகா" என்று கத்திவிட்டேன்.

உள்ளே சொல் ஒன்றும் இல்லையாம். மௌனங்களையும் சேர்த்து அறுபத்து நான்கு ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். இலக்கங்களைக் கோத்தால் எந்தச் சொல்லும் வரும். லீவில் ஊருக்கு வரும் வேலப்போடியிடம் அட்டவணையோடு கொடுத்துவிடுகிறேன். குறை ஒன்றுதான்: அது ஆம்பிளைக் குரல். தங்கச்சி என்னை ஏசப்போகிறாள்.

பதில் போடப் பஞ்சிப்படாதே.

கதிர்காமன்


786
கல்முனை
20.06.1984

மச்சான்,

உன் சிப்பை வைத்துச் செய்த பெட்டி கதைக்கிறது! தண்ணி, சோறு, மருந்து, ஓம், இல்லை என்று பத்துச் சொல்லுக்குப் பத்துப் பொத்தான் வைத்தேன். புதுச்சொல் கோக்க இலக்கப் பொத்தான்களும் வைத்து, அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். மூன்று நாளாகியும் அவள் தொடவில்லை. கேட்டால் சிலேட்டில் எழுதுகிறாள்: "சோறு தண்ணிய கையாலயே காட்டுவன். வீட்டுக்குள்ள வேற ஆம்பிளைட குரல் என்னத்துக்கு?"

இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துச் செய்தது. கோபத்தில் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன். உன் அலைச்சலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

23.06.1984

மேலே உள்ளதைத் தபாலில் போட மனம் வராமல் வைத்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, கடையில் ஒரு ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் கரகரவென்று ஒரு குரல்: "ஜவுபர்."

யாரோ சாமான் வாங்க வந்தவர் என்று நினைத்து, "பொறுங்க, வாறன்" என்றேன், திரும்பாமலே.

"ஜவுபர்."

எரிச்சலோடு திரும்பினால் சுல்பிகா! கையில் பெட்டி, முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு சிரிப்பு. நான் சந்தைக்குப் போன நேரத்தில் அட்டவணையைப் பார்த்துத் தானாகவே கோத்திருக்கிறாள்.

குரல் இருந்த காலத்திலும் அவள் என் பேரைச் சொன்னதில்லை, மச்சான். நம் ஊரில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்கிறாள்? அவள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்: "நானா சொன்ன? பெட்டிதானே சொல்லிச்சு."

அல்லாஹ்வே! சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

இனிமேல் வேண்டுமென்றே முதுகைக் காட்டித்தான் நிற்பேன்.

ஜவுபர்