கிழவனுக்குத் தீவனம்

நவம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது பார், அதனால்தான் இது.

நான் நலம். உன் குதிரைகளில் இரண்டு நலம். ராணியும் குட்டையனும் தின்று தின்று பீப்பாய் மாதிரி இருக்கின்றன. கிழவன்தான் இளைக்கிறான். போட்டோவைப் பார்த்துவிட்டு "குண்டாத்தானே இருக்கான்" என்றாய். அது சதை இல்லையடா, இந்த மலைக் குளிருக்கு வளர்ந்த ரோமம். அதற்குள் கையைவிட்டுத் தடவினால் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்படுகிறது.

மூன்றுக்கும் ஒரே இடத்தில் புல் போடச் சொல்லிவிட்டுப் போனாய். ராணி காதைப் பின்னால் மடக்கினால் போதும், கிழவன் ஒதுங்கி மூலையில் நின்றுவிடுகிறான். இப்போது காய்ந்த புல்லை நாலு இடத்தில் தள்ளித் தள்ளிப் போடுகிறேன். அப்படியும் உடம்பு ஏறவில்லை. மென்ற புல்லைப் பந்து பந்தாகக் கீழே துப்புகிறான். கால்நடை டாக்டரம்மா வந்து வாயைத் திறந்து பார்த்தார். "கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போச்சும்மா. இவருக்கு இனிமே எதையும் ஊறவெச்சுத்தான் குடுக்கணும்" என்றார். ஆகவே அவனுக்குப் புல் கட்டிகளை வெந்நீரில் கரைத்துக் கூழாக்கிக் கொடுக்கிறேன். எனக்கு ஒரு வேளை சமையல், உன் குதிரைக்கு மூன்று வேளை.

டிசம்பர் கடைசியில் நீ வந்தால்தான் ஜனவரி முதல் தேதி நான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர முடியும். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டுக் கொட்டில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். மறந்துவிடாதே.

உன் அக்கா


நவம்பர் 27

என் செல்ல அக்காவுக்கு,

உன் திட்டு கிடைத்தது. லாரி டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிழவனுக்கு ஏன் கூழ், கஞ்சி என்று சீர் செய்துகொண்டிருக்கிறாய்? சோளத்தையும் ஓட்ஸையும் அள்ளிக் கொட்டு. குளிருக்குத் தானியம்தான் சூடு. இங்கே ஒரு சீனியர் டிரைவர் அப்படித்தான் சொன்னார், அவருடைய மாமனார் குதிரை வைத்திருந்தவராம்.

கோபப்படாமல் கேள். வருஷக் கடைசியில் லோடு அதிகம், முதலாளி விடமாட்டேன் என்கிறார். ஜனவரி கடைசியில் வந்துவிடுவேன். கோடையில் சவாரிக்கு ஆட்கள் வரும்போது நம் மூன்று குதிரைகளும் ஜம்மென்று நிற்க வேண்டும். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

அன்புத் தம்பி


டிசம்பர் 6

தம்பிக்கு,

அந்த டிரைவரின் மாமனாரையே இங்கே அனுப்பி வை, தொட்டித் தண்ணீரில் ஐஸை உடைக்க ஆள் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். குதிரைக்குக் குளிரில் சூடு தருவது புல். வயிற்றுக்குள் அது மெதுவாகச் செரிக்கச் செரிக்க உடம்பு கணகணவென்று இருக்குமாம். தானியம் கூட்ட வேண்டுமென்றால் ஒரு கைப்பிடியில் தொடங்கி, நாள்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். திடீரென்று அள்ளிக் கொட்டினால் வயிறு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சில்லென்று இருந்தால் அவை குடிப்பதில்லை, அதுவும் ஆபத்து. வாளி வாளியாக வெந்நீர் கலக்கிறேன். கைவிரல் வெடித்துவிட்டது.

இவ்வளவும் செய்தபிறகு கிழவன் கொஞ்சம் தேறுகிறான். அதைக் கெடுக்காதே.

நீ வராததால் பதினாலாம் தேதி காலையில் டவுனுக்குப் போய் ஆஸ்பத்திரி மேட்ரனிடம் ஒரு மாதத் தவணை கேட்கப்போகிறேன். என்ன முகத்தோடு கேட்பேனோ.

அக்கா


டிசம்பர் 15

தம்பிக்கு,

நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதியம் திரும்பி வந்தால் கிழவன் தரையில் கிடந்து புரள்கிறான். எழுகிறான், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், மறுபடி விழுகிறான். தொட்டியில் பாதி சோளம் மிச்சம். ராணியும் குட்டையனும் அவரவர் தடுப்புக்குள் இருந்ததால் தப்பித்தார்கள்.

தீவனக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "தம்பிதான் போன் பண்ணுச்சும்மா. 'அக்கா வீட்ல இருக்கமாட்டாங்க, நீங்களே கொண்டுபோய்க் கிழவனுக்குக் கொட்டிருங்க, அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்'னுச்சு" என்றார்.

நான் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்திருக்கிறாய். நான் எழுதிய நாளையே பார்த்து வைத்துக்கொண்டு.

டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். பிறகு அவனை முற்றத்தில் நடத்திக்கொண்டே இருந்தேன். நிற்க விட்டால் விழுகிறான். "பொழச்சுருவானா?" என்று கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருட்டுகிற நேரத்தில் வாலைத் தூக்கி லத்தி போட்டான். டாக்டரம்மா கைதட்டினார். நான் பனியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மேட்ரன் ஒரு மாதம் தந்திருக்கிறார். "பிப்ரவரி ஒண்ணாம் தேதி வரலேன்னா வேற ஆள் போட்டுருவேன், வருத்தப்படக்கூடாது" என்றார். ஜனவரி கடைசி நாள் நான் கிளம்புவேன்.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தப்புதான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். கிழவன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று கடைக்காரர் சொன்னார், மனது ஆறியது.

திட்டாதே. ஒரே ஒரு நீண்ட டிரிப் வந்திருக்கிறது. பிப்ரவரி பாதியில் கண்டிப்பாக வந்துவிடுவேன். மேட்ரனிடம் இன்னொரு முறை பேசிப் பாரேன். குதிரைகளை விட்டுவிட்டு நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் அக்காவை எனக்குத் தெரியாதா?

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இது நர்ஸ் விடுதி அறையிலிருந்து. ஜன்னல் சரியாகச் சாத்தாது, ஆனால் ஹீட்டர் இருக்கிறது.

ராணியையும் குட்டையனையும் தீவனக் கடைக்காரர் தினமும் வந்து கவனித்துக்கொள்கிறார். நீ வரும்வரை மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் வீடு வாசல் உண்டு, இழுத்தடிக்காதே.

கிழவனை டாக்டரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். பார்த்துக்கொள்வதற்காக இல்லை, அவருக்கே. வண்டியில் ஏற அடம்பிடித்தான், என் தோளில் தலையை வைத்துத் தள்ளினான். பிறகு கூழ் வாளியைக் காட்டியதும் ஏறிவிட்டான். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோடைச் சவாரி என்று ஆரம்பித்திருப்பாய், நான் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்திருப்பேன். கோபம் வந்தால் வரட்டும். திருப்பிக் கேட்டு டாக்டரம்மா வாசலில் போய் நிற்காதே.

நான் போகமாட்டேன் என்று உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். பஸ் புறப்படும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா