ஓய்வு நேரத்தில் எழுதியது

நிலையம் ஆறு, நிலவின் தென்முனை
பதிவு செய்பவர்: ஜெசிந்தா கோமஸ், பராமரிப்புப் பொறியாளர்

நாள் 71. 08:20

பனி உருக்கி சீராக ஓடுகிறது. தொட்டியில் நீர் மட்டம் சரி. காற்றழுத்தம் சரி. வடக்குக் குழாயின் வடிகட்டியை மாற்றினேன். பழையதில் தூசி கரியைப்போல் அப்பியிருந்தது.

இந்த நிலையத்தில் இருப்பது நான் ஒருத்திதான். வெண்பாறை நிறுவனத்துக்கு இந்தப் பள்ளங்களின் விளிம்பில் இப்படி ஏழு நிலையங்கள். எல்லாவற்றிலும் ஒற்றை ஆள்.

வேலை முடிந்தபின் 'ஒட்டுக்காது' நிரலில் கொஞ்சம் திருத்தம் செய்தேன். இதை அலுவல் பதிவில் எழுதக் கூடாதோ என்னவோ. ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே வந்த புதிதில் இயந்திரங்களின் இரைச்சலால் தூக்கம் வரவில்லை. எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தாலாவது மனம் அடங்கும் என்று தோன்றியது. தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த என் சொந்தக் கணினியில், ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினேன். சுவரில் ஒட்டிய மைக் வழியாக அது ஒட்டுக்கேட்கிறது; ஒவ்வொரு இயந்திரத்தின் குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது.

மனம் அடங்கவில்லை. ஆனால் நிரல் அழகாக வேலை செய்கிறது.

நாள் 74. 17:05

கிழக்கே, மேட்டுக்கு அந்தப்பக்கம், ஒரு சிறு நிறுவனத்தின் பழைய நிலையம் இருக்கிறது. அதில் இருப்பவர் தாவூது. காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். இன்று அவரிடமிருந்து அழைப்பு.

"தங்கச்சி, இங்க ப்ளோவர்ல ஒரு சத்தம் ரெண்டு நாளா கேக்குது. கெட்டுப்போனது மெஷினா, என் காதான்னு தெரியல."

"மைக்க ப்ளோவர் மேல வச்சு அனுப்புங்க காக்கா. நான் பாத்துச் சொல்லுதேன்."

ப்ளோவர் என்பது நிலையம் முழுக்கக் காற்றைச் சுழற்றும் பெரிய விசிறி. அது நின்றால் உறங்குகிறவர் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, எழுந்திருக்காமல் போய்விடுவார்.

ஒட்டுக்காது சில நிமிடங்களில் சொல்லிவிட்டது: ஓர் இறகில் விரிசல். சில வேகங்களில் அந்த இறகு அதிர்கிறது, அதிர அதிர விரிசல் வளர்கிறது. மாற்று இறகு அடுத்த சரக்குக் கலத்தில்தான் வரும். அதற்கு இன்னும் மூன்று வாரம்.

நாள் 77. 13:40

மூன்று நாளாக உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே யோசித்து, நின்றுகொண்டே எழுதினேன். இப்போது தாவூது காக்காவின் ப்ளோவர் சத்தம் ரேடியோ இணைப்பு வழியாக என் கணினிக்கு வருகிறது. அதிராத வேகம் எது என்று ஒட்டுக்காது கணித்து அவருடைய கட்டுப்பாட்டுக்கு அனுப்புகிறது. விரிசல் மாற மாற வேகமும் மாறுகிறது. அவருடைய கணினி மிகப் பழையது, இதைத் தாங்காது. அதனால் இங்கிருந்தே ஓட்டுகிறேன்.

"சத்தம் நின்னுடுச்சு தங்கச்சி. அஞ்சு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் தூங்கப் போறேன்."

அவர் தூங்கினார். நான்தான் எழுந்து எழுந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 80. 09:15

தலைமையகத்துடன் வாராந்தரப் பேச்சு. சந்தோஷத்தில் ஒட்டுக்காது பற்றியும் அது தாவூது காக்காவின் ப்ளோவரைக் காப்பது பற்றியும் சொல்லிவிட்டேன். "சூப்பர்" என்றார்கள். அனுப்பச் சொன்னார்கள். பார்க்கத்தானே என்று ஒரு பிரதி அனுப்பினேன்.

நாள் 83. 11:30

சட்டப் பிரிவிலிருந்து வசுமதி என்பவர் பேசினார். நிதானமான, இனிமையான குரல். அப்படியே பதிகிறேன்.

"ஜெசிந்தா, ரொம்ப நல்ல ப்ரோக்ராம். ஆனா இது கம்பெனியோட சொத்து. அதை வெளி நிலையத்துக்குக் குடுத்திருக்கீங்க. இன்னைக்கே நிறுத்திடுங்க."

"மேடம், இது என் சொந்தக் கணினி. ஓய்வு நேரத்துல எழுதினது. கம்பெனி கேட்டு எழுதினது இல்ல."

"ஸ்டேஷன்ல ஓய்வு நேரம்னு ஒண்ணு கிடையாதும்மா. ஒப்பந்தத்துல இருக்கு. அங்க கரண்ட் நம்மளுது, காத்து நம்மளுது. நீங்க மூச்சு விடுறதே டியூட்டி நேரம்தான். பர்சனலா எடுத்துக்காதீங்க."

"அங்க ஒரு மனுஷன் இருக்காரு மேடம். நிறுத்துனா ப்ளோவர் உடையும்."

"அவரோட பாதுகாப்பு அவரோட கம்பெனி பொறுப்பு. நாளைக்கு அவங்களும் அந்த ப்ரோக்ராம் தங்களோடதுன்னு சொன்னா? காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி அது வெளியில ஓடக் கூடாது."

முடியாது என்றேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது உண்மை. கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு நிலவுக்குப் போகிற அவசரம். இங்கே நான் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டாலும் அது வெண்பாறையுடையது. இந்தப் பதிவும் அவர்களுடையதுதான். படிக்கட்டும்.

நாள் 84. 06:50

என் கணினி திறக்கவில்லை. நிலையத்தின் மின்சாரத்தில் சார்ஜ் போட்டிருந்தேன்; அந்தக் கம்பி வழியாகவே உள்ளே வந்து துடைத்திருக்கிறார்கள். ஒட்டுக்காது இல்லை. என் திருத்தங்கள் இல்லை. அம்மா அனுப்பிய படங்களும் இல்லை.

தாவூது காக்காவுடனான ரேடியோ இணைப்பும் துண்டிக்கப்பட்டிருக்கிறது. மற்ற நிலையங்களுடன் பேசும் அனுமதியும் போயிற்று. திரையில் "விசாரணை முடியும்வரை" என்று வருகிறது.

அவருக்கு எதுவும் தெரியாது. கடைசியாக அனுப்பிய வேகத்திலேயே அவருடைய ப்ளோவர் ஓடிக்கொண்டிருக்கும். நேற்று அது சரியான வேகம். இன்று எப்படியோ.

ரோவர் வண்டியை எடுக்கிறேன். நல்லவேளை, அதைப் பூட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. பதிவுக் கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

நாள் 84. 14:10. தாவூதின் நிலையம்

வந்து சேர்ந்தேன். காற்றறைக் கதவு திறந்ததும் அந்தக் கீச்சொலி கேட்டது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ப்ளோவர் அறைக்கு ஓடினேன். கைப்பிடியைத் திருப்பி வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். ஒரு இடத்தில் கீச்சொலி கரைந்து வெறும் இரைச்சலானது. அங்கே நிறுத்தினேன்.

தாவூது காக்கா வாசலில் நின்றார். குட்டையான மனிதர், நரைத்த தாடி. இரண்டு மாதப் பழக்கம், முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எந்த வேகம்னு எப்படிம்மா தெரிஞ்சுது? உன் ப்ரோக்ராம்தான் போச்சுன்னியே?"

"அதுக்கு எதைக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்ததே நான்தான காக்கா."

இருவரும் முறைபோட்டுக் கேட்டோம். சத்தம் ஏறும்போது எப்படி மாறும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவருக்கும் காட்டினேன். கடல் சத்தத்தை வைத்தே காற்று திரும்புவதைச் சொல்லும் வீட்டில் பிறந்தவராம். சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவர் ஆக்கிய சோற்றை நின்றபடியே சாப்பிட்டேன்.

நாள் 85. 10:25

ரோவரின் செய்திப் பெட்டியில் தலைமையகத்தின் பொது அறிவிப்பு வந்திருக்கிறது.

"வெண்பாறையின் புதிய காற்றுப் பாதுகாப்பு நிரல் இன்று மதியம் முதல் ஏழு நிலையங்களிலும் இயங்கும். ப்ளோவர்களின் வேகத்தை இனி அதுவே முடிவு செய்யும்."

தாவூது காக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "உன் சாமான்தான. எல்லாருக்கும் நல்லதுதான?" என்றார்.

இல்லை. நல்லதில்லை.

நான் அனுப்பிய பிரதியில் இருப்பது இவருடைய ப்ளோவருக்கான கணக்கு. இந்தப் பழைய விசிறியின் எடை, இறகின் நீளம், இந்த விரிசல். இவருக்கு எது அதிராத வேகமோ அதில்தான் எங்கள் ப்ளோவர் மிக மோசமாக அதிரும். என் கணினியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: ஒவ்வொரு விசிறிக்கும் முதலில் புதிதாக அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டவே கூடாது என்று. பிரதியோடு அந்தக் குறிப்பை அனுப்பவில்லை. பார்க்கத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

கணினியை அவர்கள் துடைத்தபோது அதுவும் போயிற்று.

நாள் 85. 11:50

என் குரல் எந்த நிலையத்துக்கும் போகவில்லை. தாவூதின் ரேடியோ என் நிலையத்தை மட்டுமே எட்டும், மற்றவற்றின் அலைவரிசையைத் தொடாது. அவருடைய அலுவலகம் வழியாகப் பூமிக்குச் செய்தி அனுப்பினோம். பதில் வந்தது:

"உங்கள் எச்சரிக்கையை வெண்பாறைக்குத் தெரிவித்தோம். போட்டி நிறுவனம் வழியாக வரும் தொழில்நுட்பக் கருத்துகளைச் சட்டப் பிரிவு பரிசீலித்தபின்பே ஏற்க முடியும் என்கிறார்கள்."

மறுபடி அனுப்பினோம். உயிர்ப் பிரச்சினை என்று எழுதினோம். "பெற்றுக்கொண்டோம்" என்று வந்தது.

நாள் 85. 15:35

ரோவரில் எச்சரிக்கை மணி. நிலையம் ஆறு. என்னுடையது.

முதல் ப்ளோவர் சிதறியிருக்கிறது. மாற்று ப்ளோவர் தானாகவே ஓடத் தொடங்கியிருக்கிறது. அதே நிரல், அதே வேகம். அதுவும் போயிற்று. உடைந்த இறகு சுவரைத் துளைத்திருக்க வேண்டும். அழுத்தம் மளமளவென்று இறங்கிப் பூஜ்யமானது. என் படுக்கை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

அங்கே யாரும் இல்லை. மற்ற ஆறு நிலையங்களில் இருக்கிறார்கள்.

என் நிலையத்துப் ப்ளோவர் பழசு, அதனால் முதலில் உடைந்தது. மற்றவை இன்னும் சில மணி நேரம் தாங்கலாம். நிச்சயமாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பது நிலையம் ஐந்து. அங்கே கோமதிநாயகம் என்று ஒருவர். பேசியிருக்கிறேன்; ஊருக்கு வந்ததும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றார். அவரிடமிருந்து மற்றவர்களுக்குச் சொல்லலாம். அவருடைய ரேடியோவைப் பூட்டியிருக்க மாட்டார்கள்.

"நீ போம்மா," என்றார் தாவூது காக்கா. "இத நான் கேட்டுக்கிடுதேன்."

"நீங்க தூங்கக் கூடாது காக்கா."

"தூங்குனாத்தான? போ, போ. நிக்காத."

நாள் 85. 19:20. ரோவரில்

சக்தி பாதிக்குக் கீழே. வெப்பமூட்டியை அணைத்துவிட்டேன். பேசிப் பதிகிறேன், பல் தந்தியடிக்கிறது. நிழல் பகுதியில் பாதை தெரியவில்லை, ஒருமுறை பாறையில் ஏறிவிட்டேன்.

ஏன் சொன்னேன். வாராந்தரப் பேச்சில் வடிகட்டி மாற்றினேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாராவது "சூப்பர்" என்று சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

நாள் 85. 21:05

நிலையம் ஐந்தின் விளக்கு தெரிகிறது. ரோவர் நின்றுவிட்டது. இறங்கி நடக்கிறேன். விண்வெளி உடையின் ரேடியோ சிறிது தூரம்தான் எட்டும்.

எட்டியது.

"யாரு வெளிய?"

"கோமதிநாயகம் அண்ணே, ஜெசிந்தா. ப்ளோவர நிறுத்துங்க. இப்பவே. புது ப்ரோக்ராம் தப்பு. என் ஸ்டேஷன் போயிடுச்சு. உடைய மாட்டிட்டு எல்லாருக்கும் சொல்லுங்க."

கதவை நோக்கி நடந்தேன்.

"ஜெசிந்தாவா? உங்ககூடப் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்கம்மா. அந்த ப்ரோக்ராம நீங்க ஏதோ பண்ணப் பாக்கறீங்கன்னு..."

"அண்ணே, சத்தம் கேக்குதா இல்லையா? கீச்சுன்னு? அத மட்டும் சொல்லுங்க."

"கேக்குது. மத்தியானத்துல இருந்து கேக்குது. புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னாங்க."

"நிறுத்துங்க அண்ணே."

"ஒரு நிமிஷம் இருங்க. ஆபீஸக் கேட்டுட்டு வந்துடறேன்."

நாள் 85. 21:15

அவர் இன்னும் வரவில்லை. கதவைத் தட்டுகிறேன். வெளியே காற்று இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் சுவரில் கையை வைத்தால் அதிர்வு கையுறைக்குள் வருகிறது. எலும்பில் கேட்கிறது.

இதைப் படிப்பவர் எந்த நிலையத்தில் இருந்தாலும், மிச்சத்தைப் பிறகு படியுங்கள். முதலில் போய் ப்ளோவரை நிறுத்துங்கள். உடையை மாட்டிக்கொள்ளுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த நிரலை எழுதியவள் நான், எனக்குத் தெரியும், இது என்

அதிர்வு ஏறுகிறது. அண்ணே. அண்ணே, போனை வச்சிட்டு