ஹெப்பகோடி மாடியில் நின்ற விசிறி

தோழி,

இன்று காலை நீலசந்திராவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏசியின் அவுட்டோர் பெட்டியைத் திறந்தேன். மோட்டார் வைண்டிங் கருகிய நாற்றம் குப்பென்று வந்தது. மற்றவர்கள் முகம் சுளிக்கும் நாற்றம். எனக்கோ உன் ஞாபகம். வேலையை முடித்து, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து நாம் இருவரும் ஒரே சர்வீஸ் கடையில் சேர்ந்தோம். நான் ஆம்பூரிலிருந்து வந்தவள். நீ இந்த ஊரிலேயே பிறந்தவள், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாய். ஏணியைச் சுமந்துகொண்டு போய் நின்றால், "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்காத வீடு குறைவு. "ஏணியைக் கொஞ்சம் பிடிங்க சார், காட்டுறேன்" என்பாய், சிரிக்காமல்.

ஹெப்பகோடியில் அந்தச் சின்னக் குழந்தைகள் கிளினிக்கில் குளிர்ச்சி வரவில்லை என்று கூப்பிட்டார்கள். மாடியில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது, விசிறி சுற்றவில்லை. அறையிலிருந்து வரும் சூட்டை வெளியே தள்ளுவது அந்த விசிறிதான். அது நின்றால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் கொதித்துத் தானே அணைந்துவிடும், உள்ளே வெறும் காற்றுதான் வீசும். விசிறி மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கும் என்று நினைத்தேன். மெயினை அணைத்தாயிற்றே என்று கை வைத்தேன். கரண்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டர் தனக்குள் மின்சாரம் வைத்திருக்கும் என்பது அவசரத்தில் மறந்துபோனது.

தூக்கி எறிந்தது. பின்னால் இடுப்பளவுகூட இல்லாத கைப்பிடிச்சுவர், அதற்கப்பால் மூன்று மாடிப் பள்ளம். நீ என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாய். இருவரும் தரையில் விழுந்தோம். உன் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நீயோ என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன்பின் நான் வேலைக்கு வரவில்லை. ஊருக்கே வந்துவிடுகிறேன், ஷூ கம்பெனியில் சேர்ந்துகொள்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். பையைக்கூடக் கட்டிவிட்டேன். அப்போதுதான் நீ என் அறைக்கு வந்தாய்.

"கெளம்பு. அதே கிளினிக். நான் புது கெபாசிட்டர் போட்டேன், கொஞ்ச நேரம் ஓடிட்டு ஃபேன் மறுபடி நிக்குது."

"நான் தொடமாட்டேன்டி."

"யாரு தொடச் சொன்னா? நீ தூரமா குந்திக்கினு வாயால சொல்லு. நான் செய்றேன்."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டேன். நீ பெட்டி முன்னால் நின்று, "ம், சொல்லு" என்றாய்.

"மெயின ஆஃப் பண்ணு. ஃப்யூஸக் கழட்டி உன் பாக்கெட்ல போட்டுக்கோ."

"ஆயித்து."

"கெபாசிட்டர்ல ரெசிஸ்டர வச்சு கரண்ட இறக்கு. அப்புறம் மீட்டர்ல பாரு."

"ஜீரோ."

"இப்ப றெக்கைய கையால சுத்து. ஈஸியா சுத்துதா?"

நீ சுற்றினாய். "எனக்கு என்ன தெரியும்? நீயே வந்து பாரு" என்று ஒதுங்கி நின்றாய்.

எழுந்து வந்தேன். ஒரு விரலால் றெக்கையைத் தள்ளினேன். மணலில் உரசுவதுபோல் கரகரத்து நின்றது. "பேரிங் போச்சுடி" என்றேன். "இறுகிப்போய் சுத்துது. மோட்டார் சூடாகி நின்னுடுது. மோட்டாரையே மாத்தணும்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். அது இருந்தாத்தான் கை பத்திரமா இருக்கும்."

மோட்டார் வாங்கக் கடைக்குப் போகலாம் என்று கீழே இறங்கினோம். நீ ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தாய். உள்ளே அதே அளவில் ஒரு புது மோட்டார், பெட்டி பிரிக்காமல். நான் உன்னைப் பார்த்தேன். "சும்மா இருக்கட்டும்னு வாங்கினேன்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். பழுது என்னவென்று முன்னமே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அதை என் வாயால் சொல்ல வைத்தாய்.

அந்த மோட்டாரை நான்தான் பொருத்தினேன். விசிறி சுற்றியதும் சூடான காற்று நம் இருவர் முகத்திலும் அடித்தது. அதைவிட இதமான காற்று எனக்கு ஞாபகமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நன்றி என்ற சொல்லை நீ இருந்தபோது சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "அதெல்லாம் பேடா, வேணாம், டீ வாங்கிக்கொடு" என்றிருப்பாய்.

இப்போது தனியாகத்தான் போகிறேன். நேற்று பீன்யாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை முடிந்து கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கேட்டார்: "ரொம்ப வருஷமா இந்த வேலையாம்மா?"

"ஆமா சார், காலேஜ் வயசுலருந்து பண்றோம்."

"பண்றோமா? எத்தனை பேரு நீங்க?"

"ரெண்டு பேரு சார்" என்றேன்.