கொப்புக்கல்லுக்குக் கீழே இறங்கிய வழி

அன்புள்ள மாப்பிள்ளை பெருமாளுக்கு,

நீ போன இடத்திலும் சும்மா இருக்கமாட்டாய், யாரையாவது பக்கத்து சீட்டில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசியே கொல்வாய் என்று நினைக்கிறேன். இங்கே உன் பெண்டாட்டி தனமும் பிள்ளைகளும் சுகம். உன் ஜீப்பை ஆடலூர்க்காரர் ஒருவர் வாங்கி ஓட்டுகிறார். ஹாரனை மட்டும் இன்னும் மாற்றவில்லை. வளைவில் அது கேட்கும்போதெல்லாம் நீதான் வருகிறாய் என்று தலை திரும்பிவிடுகிறது. எனக்குத்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கம்.

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். "மாஸ்டர், அந்த அம்பது கிலோமீட்டர் ஓட்டத்தைப் பத்தி எழுதுங்க. பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார் எச்.எம். ஊக்கமாக எதுவும் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன், பிள்ளைகளும் படிக்கட்டும். உன்னிடம் தனியாகச் சொன்னால் "விடு மாப்ளே" என்று முடித்துவிடுவாய். அப்படி முடியக்கூடாது.

என்னை இதில் மாட்டிவிட்டவனே நீதான். இந்த ஓட்டத்தை நடத்துவதற்குப் பாதை பார்க்க வந்த பெங்களூர்ப் பையன்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சுற்றினாயே, அப்போது உன் வாய் சும்மா இருந்ததா? "எங்க ஊர் பி.டி. மாஸ்டரு இருக்காரு, மானு மாதிரி ஓடுவாரு" என்று பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய். நான் ஓடி நீ எப்போதடா பார்த்தாய்? விசில் ஊதித்தான் பார்த்திருக்கிறாய். அன்று உன்னைத் திட்டிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆனியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோடு சரி. நீ கொடுத்துவிட்டுப் போன பெயரை வாபஸ் வாங்க எனக்கு மனசு வரவில்லை. தினமும் வெள்ளனே எழுந்து காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கினேன். பார்த்தவர்களெல்லாம், கூட்டாளி போன துக்கத்தில் மாஸ்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

தை மாதம் கொடைக்கானலில் விட்டார்கள். விடிந்தும் விடியாத குளிர், பல் கிட்டித்துப்போயிற்று. அங்கிருந்து சோலைக்காட்டுக்குள் புகுந்து, கரடுகளில் ஏறி இறங்கி, தாண்டிக்குடி பள்ளிக்கூட மைதானத்தில் முடிக்க வேண்டும். வழி நெடுக மரத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நாடாவை விட்டு விலகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். வேரும் பாறையும் அட்டையுமாக, ஓட்டம் என்று சொன்னார்களே தவிர, பாதி தூரம் நான் தவழ்ந்துதான் போனேன்.

பாதி வழியில் மதுரைக்காரர் ஒருவர் சேர்ந்துகொண்டார். பேங்கில் வேலை. என்னைப் போல அவருக்கும் இதுதான் முதல் தடவை. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தபோது, தானும் நின்று காலை நீவிவிட்டு, இடுப்புப் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "சேந்தே போயிருவோம் சார், பேச்சுத் துணையா இருக்கும்" என்றார். மலைக்காரன் என்று பீற்றிக்கொள்ளும் நான் ஒரு மதுரைக்காரரின் மிட்டாயில் எழுந்து நடந்தேன்.

ஊர் நெருங்கும்போது நம் கொப்புக்கல் வந்தது. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் மேட்டுக் காட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பாறை கிடக்கிறது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, காட்டு வழியில் போனால் ஒரு கொப்பு ஒடித்துச் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் போவார்களாம் பெருமாள் வீட்டில். இங்கே வந்த பிறகும் அவன் அம்மா விறகுக்குப் போகும்போது அந்தப் பாறையில் வைத்தார். அவனும் வைத்தான். எனக்கு அப்போதே படிப்புத் திமிர், கைகட்டிக்கொண்டு நிற்பேன். "உனக்கும் சேத்து வச்சிட்டேன், வா மாப்ளே" என்பான். ஒரு தடவைகூட நான் வைத்ததில்லை.

அன்று அந்தப் பாறையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது பெருமாள். இனி எனக்கும் சேர்த்து வைக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. மதுரைக்காரரை, "நீங்க முன்னால போங்க சார், பின்னாடியே வர்றேன்" என்று அனுப்பினேன். இரண்டு நாவல் கொப்பு ஒடித்தேன். உனக்கு ஒன்று வைத்தேன், எனக்கு ஒன்று வைத்தேன். நன்றாக அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

நாடா இடது பக்கம் போயிற்று. அது பெரிய கரட்டைச் சுற்றி மேலேறி, அந்தப் பக்கமாக ஓடைக்கு இறங்குகிற வழி. என் கால் வலது பக்கம் இறங்கிவிட்டது. விறகுக் கட்டோடு நீயும் நானும் வாரா வாரம் இறங்கின குறுக்குப் பாதை, காப்பிச் செடிகளுக்கு நடுவே நேராக ஓடைக்குப் போகும். அந்தக் கல்லில் கொப்பு வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி எனக்குப் பழக்கமே இல்லை. சத்தியமாகத் தெரியாமல்தான் இறங்கினேன்.

ஆனால் பாதியில் தெரிந்துவிட்டது. நாடா ஒன்றையும் காணோம். நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். திரும்பி ஏறியிருக்கலாம். கால் கெஞ்சியது, சாமி கும்பிட்டுவிட்டு வந்தவன்தானே என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. இறங்கிவிட்டேன். கொப்பு வைத்தது உனக்காக. மீதி இறக்கம் முழுக்க எனக்காக.

ஓடையில் நம்பர் குறித்துக்கொண்டிருந்த பெண், "சூப்பர் சார், அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றாள். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மைதானத்தில் ஊரே கூடியிருந்தது, மேளம் வேறு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றாம் பரிசு என்று மைக்கில் சொன்னார்கள். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவரு சொன்னாருல்லண்ணே, மானு மாதிரி ஓடுவீங்கன்னு." உன் மகள் செல்வி மெடலைத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் உன் போட்டோவில் மாட்டிவிட்டாள்.

மதுரைக்காரர் எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாலாவது. "எங்க சார் என்னைத் தாண்டுனீங்க? கவனிக்கவே இல்லையே" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். "நீங்க குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தீங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் நம்பினார். "மலைக்காரங்க மலைக்காரங்கதான்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை அப்புறம் எத்தனை தடவை கழுவினேன் என்று கேட்காதே.

அதன் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. தனம் ஆள் அனுப்பினாள், சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போன வாரம் மைதானத்தில் ஓடவிட்டபோது ஏழாவது படிக்கிற ஒருவன் மூலைக் கொடியைச் சுற்றாமல் உள்ளே வெட்டி ஓடினான். விசிலை வாயில் வைத்தேன். ஊத முடியவில்லை. அவன் முதலாவதாக வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் மிளகு காயப்போட்டிருந்தது. "ஏண்ணே, எங்க மேல ஏதும் வருத்தமா?" என்றாள் தனம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலால் மிளகைத் தள்ளித் தள்ளிப் பரப்பினாள்.

"மெடலை எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா நான் கழட்டித் தரமாட்டேன். மாட்டினது அவ. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

உனக்கு ஞாபகம் இருக்கும். விளையாட்டு விழாவில் செல்வி முதலாவதாக வந்தாள், வளைவில் கோட்டை மிதித்துவிட்டாள் என்று நான்தான் அவளை நீக்கினேன். "தெரியாம மிதிச்சிட்டேன் சார்" என்று தேம்பினாள். "தெரிஞ்சு மிதிச்சாலும் தெரியாம மிதிச்சாலும் அவுட்டு அவுட்டுதான்" என்றேன். நீயும், "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு போனாய். இப்போது அவள் குடத்தோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக் குரல் எனக்கு வரவில்லை. சொல்லி முடித்தேன்.

"கோட்டை மிதிச்சிட்டீங்களா மாமா?"

"மிதிச்சிட்டேன்."

"தெரிஞ்சா, தெரியாமலா?"

"முதல்ல தெரியாம. அப்புறம் தெரிஞ்சே."

குடத்தை இறக்கிவைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி உன் கழுத்திலிருந்து மெடலைக் கழற்றினாள். குங்குமம் ஒட்டியிருந்ததைப் பாவாடையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"அப்ப அவுட்டு" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் விழா அன்று சொன்ன மாதிரியே சொன்னாள்.

"அவுட்டுதான்" என்றேன்.

பெங்களூர்ப் பையன்களிடம் போனில் சொன்னேன். "பரவால்ல சார், விடுங்க" என்றார்கள். விடவில்லை. மதுரைக்காரரின் விலாசம் வாங்கி, மெடலோடு, லேஸ் விஷயமும் பொய் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். உன் போட்டோவில் இப்போது மாலை மட்டும்தான் கெடக்கு மாப்ளே. உன் வீட்டுச் சுவரில் பொய்யைத் தொங்கவிட்டதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

வருகிற தையில் மறுபடி ஓடுவேன், கடைசியாக வந்தாலும் சரி. கல்லில் உனக்கும் எனக்கும் கொப்பு வைப்பேன். வைத்துவிட்டு இடது பக்கம் கரட்டில் ஏறுவேன். உனக்கு நான் தரும் வாக்கு இது. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, செல்வியும் நம்பவில்லை. அன்றைக்குக் கல்லுப் பக்கத்தில் தானே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். என் விசிலை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

உனக்கு மாப்பிள்ளையும் உன் மகளுக்கு மாமனுமான,
தங்கராசு