கொசு தொடாத கை

ஜூலை 4
குடுவையில் வளர்த்த பாக்டீரியாவிலிருந்து வடித்த சாறு இன்று தயார். நாற்றம்? ஊறப்போட்டு மறந்துபோன துணிதான். இதைப் பூசினால் கொசு கடிக்காது என்று பத்தாம் தேதிக்குள் காட்டணும். இல்லாவிட்டால் துறைத் தலைவர் மேடம் ஆய்வகத்தில் நான் கொசு வளர்க்கும் அறையைப் பக்கத்துக் குழுவுக்குக் கொடுத்துவிடுவார்.

ஜூலை 6
போன வாரம் பழைய சாற்றைச் சோதித்ததில் என் கை இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி என் வீட்டுக்காரரை ஆய்வகத்துக்கு இழுத்துப் போனேன். "கட்டிக்கிட்ட பாவத்துக்குக் கையைத் தரேன், சீக்கிரம் முடி" என்றார். சாற்றைப் பூசி, பட்டினி போட்ட ஐம்பது கொசு இருக்கும் கூண்டுக்குள் ஐந்து நிமிடம் கை. ஒரு கடிகூட இல்லை! கூண்டைச் சுற்றி ஆடினேன்.

ஜூலை 7
மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 8
சாப்பிடும்போது பீற்றிக்கொண்டேன். மாமியார் நிமிரக்கூட இல்லை. "அவனையா? பொறந்ததுலேர்ந்து அவனை ஒரு கொசு கடிச்சதில்லையேம்மா. பக்கத்துல படுக்கிறவங்களத்தான் பிச்சு எடுக்கும்."

பன்னிரண்டு வருஷமா பக்கத்துல படுக்கிறவ நான்! எனக்கே உறைக்கலையே? முதலில் வெறுங்கையை விட்டு எண்ணாமல் நேராகச் சாற்றைப் பூசினது எந்த ஊர் புத்தி? அய்யோ, மானம் போச்சு. இவர் வேற, "என் கை ராசின்னுல்ல நெனச்சேன்" என்கிறார். கொன்னுடுவேன்.

ஜூலை 9
மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தேதி மாறாது. நாளைக்கு என் முன்னாடி செய்" என்றார், அவ்வளவுதான்.

போன மழையில் மகள் டெங்குவில் ஒன்பது நாள் கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்தால் இன்னும் பயமா இருக்கு. வீங்கினா வீங்கட்டும். என் கைதான்.

ஜூலை 10
வெறுங்கை: இருபத்துமூன்று கடி. சாறு பூசிய கை: இரண்டு. மேடம் தானே எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார். இன்னும் ஆறு மாதம் அறை எனக்குத்தான்! அரிப்பு தாங்கலை. ஆனாலும் சந்தோஷம்.

ஜூலை 11
சாயங்காலம் கைகாலில் சாற்றோடு வாசலில் உட்கார்ந்தேன். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில். திடீரென்று பட்டென்று ஓர் அடி. முழங்கையைப் பார்த்தபடி எழுந்தே விட்டார்.

"அம்மா! இங்க வா! என்னை... என்னைக் கடிச்சிருச்சு!"

மாமியார் கரண்டியோடு ஓடி வந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குறித்துக்கொள்கிறேன். நான்: பூஜ்யம். இவர்: ஒன்று.